முதலில் ஒரு டம்ளர் தண்ணீர்

786
பள்ளிவாசல் தெரு,
திருவண்ணாமலை
12-10-2025

அன்பு மகன் ஃபைசானுக்கு அம்மா ரஹமத் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நான் உயிரோடு இருக்கிறேன். உன் உடம்புக்காக ஐந்து வேளையும் துஆ கேட்டபடி இருக்கிறேன்.

வாரத்துக்கு ஒரு தடவை சிறையிலிருந்து உன்னைப் போன் பேச விடுகிற ஐந்து நிமிடமும் நாம் இரண்டு பேரும் அழுவதற்கே சரியாகிவிடுகிறது. கடைசியில் வக்கீல் விஷயம் ஒரு வரி, லைன் கட். அதனால்தான் கடிதம். ஐந்தாவது படித்தவள் எழுத்து எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும். சிரிக்காதே.

உங்க அத்தா மௌத்தாகி இன்றோடு ஐம்பது நாள். நாற்பதாம் நாள் ஃபாத்திஹா சுருக்கமாக முடிந்தது. நான் இத்தாவில் இருக்கிறேன். நாலு மாதம் பத்து நாள் வாசல்படி தாண்டக் கூடாது, வெளி ஆண்கள் யாரும் உள்ளே வரக் கூடாது. டிசம்பர் முப்பதில் முடிகிறது என்று ஹஜ்ரத் வீட்டம்மா சொன்னார்கள். அதுவரை உன்னைப் பார்க்க வர முடியாது. மனசில் வைத்துக்கொள்ளாதே.

உன்னைப் பிடித்த செய்தி வந்த அன்றைக்கே அவர் போனார். "புள்ளய புடிச்ச சேதி கேட்டு பாய் நெஞ்சு நின்னுடுச்சு" என்றுதான் தெருவில் பேசுகிறார்கள். நானும் அதைத்தான் நம்புகிறேன். செய்யாத குற்றத்துக்குப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனால் எந்தத் தகப்பன் தாங்குவான்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ரமலானில் விடியுமுன் சகர் சாப்பிட ஜனங்களை எழுப்ப உங்க அத்தா ஒரு தடவை பேசி ரெக்கார்டு செய்து கொடுத்தாரே, அதையே தினமும் பள்ளிவாசல் மைக்கில் போட்டார்களே, அது அவர்களிடம் அழிந்துபோய்விட்டதாம். வரும் ரமலானிலும் பாய் குரலிலேயே போடலாம் என்று இமாம் கேட்டு அனுப்பினார். அந்தக் குரல் முன் அறையில் இருக்கும் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. அவர் ரப்பர் ஸ்டாம்புக்கு எழுத்து அடுக்குவாரே, அதே பெட்டியில்.

பக்கத்து வீட்டு தேவிப்ரியாவைக் கூப்பிட்டேன். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் டைப் அடிக்கிறாளே, அவள்தான். பெண்பிள்ளை, உள்ளே வரலாம். அவள் சுவிட்சைப் போட்டாள். போட்ட கொஞ்ச நேரத்தில் திரை முழுக்கச் சிவப்பு. சைரன் சத்தம். உள்ளேயிருந்து ஒரு பொம்பளை, "உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் உள்ளது, உடனே இந்த எண்ணை அழையுங்கள்" என்று தமிழில் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அதை மூடினால் மூலையில் துணி இல்லாத படங்கள். தேவிப்ரியா முந்தானையை எடுத்துத் திரையை மூடினாள். "இன்னாக்கா இது, பஸ் ஸ்டாண்டு மைக் கணக்கா கத்துது. பாய் இத வச்சிக்கினா வேல செஞ்சாரு?" என்றாள். எனக்குத் தலை நிமிரவில்லை. ஒயரைப் பிடுங்கச் சொன்னேன்.

இன்னொரு நாள் போட்டோம். இத்தா எத்தனை நாள் என்று அதில் பார்க்கச் சொன்னேன். அடுத்த நிமிடம் மூலையில் ஒரு கட்டம் எழுந்தது. "தனியாக இருக்கும் பெண்களே" என்று ஆரம்பிக்கிறது. நான் தனியாக இருப்பது அதற்கு எப்படித் தெரியும்? அன்றிலிருந்து பெட்டி மேல் வெள்ளைத் துணி போட்டு வைத்திருக்கிறேன். அந்த அறைக்கு முதுகைக் காட்டி உட்கார முடியவில்லை.

நீ கம்ப்யூட்டர் படித்தவன். இதை எப்படிச் சுத்தம் செய்வது என்று எழுது. அவர் குரலை ஒரு தடவை கேட்டால் போதும் எனக்கு.

துஆவுடன்,
உன் அம்மா ரஹமத்


20-10-2025

அன்புள்ள அம்மாவுக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம். உங்கள் எழுத்தைப் பார்த்ததே வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. சிரிக்கவில்லை.

இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படித்த பிறகுதான் வெளியே விடுவார்கள். அதனால் கேஸைப் பற்றி எழுத மாட்டேன். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். நான் சம்பளத்துக்குப் போன் பேசியவன். சொல்லிக் கொடுத்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். அதற்காக என்னைப் பிடித்து, அத்தாவையும் கொன்றுவிட்டார்கள்.

பெட்டியில் இருப்பது பேய் இல்லை அம்மா. விளம்பரம் போடுகிற வைரஸ். ஏதாவது இலவச ப்ரோகிராமோடு ஒட்டிக்கொண்டு உள்ளே வரும். நீங்கள் எதைத் தேடுகிறீர்கள் என்று பின்னாலிருந்து பார்க்கும், அதற்குத் தகுந்த விளம்பரத்தை முன்னால் நீட்டும். எடுத்துவிடலாம்.

முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். பதற வேண்டாம். நான் சொல்லும் வரிசையில் மட்டும் செய்யுங்கள். வேலை முடியும் வரை வேறு யாரிடமும் பேச வேண்டாம். நான் காத்திருக்கிறேன்.

இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஆரம்பியுங்கள். நாலு கலர் வட்டப் படம் இருக்கும், அதைத் திறந்தால் வலது மேல் மூலையில் மூன்று புள்ளி. அதற்குள் செட்டிங்ஸ். அதில் நோட்டிபிகேஷன் என்ற இடத்தில், அனுமதி கொடுத்த பெயர்கள் வரிசையாக இருக்கும். எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல்லுங்கள் தேவிப்ரியா அக்காவை. மூலையில் வரும் படங்கள் அதோடு நிற்கும். அடுத்து எக்ஸ்டென்ஷன் என்று ஒரு இடம். அத்தா போட்டிருக்க வாய்ப்பில்லாதது எது இருந்தாலும் நீக்குங்கள். கடைசியாக கன்ட்ரோல் பேனலில் ப்ரோகிராம் பட்டியல். தேதி என்ற தலைப்பை ஒரு தட்டுத் தட்டினால் எது எப்போது உள்ளே வந்தது என்று வரிசையாகக் காட்டும். தெரியாத பெயரை நீக்கிவிட்டு, பெயரையும் தேதியையும் எனக்கு எழுதுங்கள்.

கஞ்சி குடிக்காமல் இருக்காதீர்கள்.

உங்கள்
ஃபைசான்


786
29-10-2025

அன்பு மகன் ஃபைசானுக்கு அம்மாவின் ஸலாம்.

தண்ணீர் குடி என்று எழுதியிருந்தாயே, படித்ததும் சிரித்துவிட்டேன். அவர் போன பிறகு முதல் சிரிப்பு. என் பேச்சை எனக்கே திருப்பிவிட்டாய். பரீட்சைக்குப் போகும்போது உனக்குக் கை நடுங்கும். வாசலில் நிறுத்தி, "மொதல்ல ஒரு டம்ளர் தண்ணி குடி, நான் நிக்கிறேன்" என்பேன். நீ குடித்து முடிக்கிற வரை கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். உங்க அத்தா உள்ளேயிருந்து, "தண்ணியா எழுதப் போவுது பரீட்ச?" என்று கேலி செய்வார்.

நீ சொன்ன வரிசையில் செய்தோம். அனுமதி கொடுத்த பெயர் முப்பத்தொன்று இருந்தது. "இத்தினி பேருக்கு வாசல தொறந்து உட்டுட்டு பாய் ஸ்டாம்பு செஞ்சிக்கினு இருந்திருக்காரு" என்றாள் தேவிப்ரியா. முப்பத்தொன்றையும் எடுத்தோம். எக்ஸ்டென்ஷனில் இரண்டு. அதையும் எடுத்தோம். ப்ரோகிராம் பட்டியலில் தெரியாத பெயர் ஒன்றே ஒன்று. பி.சி. ஷைன் என்று அவள் படித்தாள். தேதி 8-6-2025.

பக்ரீதுக்கு மறுநாள் அது. நீ வந்திருந்தாய். கறி பங்கு போட உங்க அத்தா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், நீ கம்ப்யூட்டர் முன்னாலிருந்து எழவே இல்லை. கறியில் ஈ மொய்க்கிறது என்று நான் சத்தம் போட்டேன். அன்றைக்கு யாராவது கஸ்டமர் வந்து பெட்டியில் எதையாவது போட்டார்களா? உனக்கு ஞாபகம் இருந்தால் எழுது.

அதையும் நீக்கினோம். திரை அமைதியாக இருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிப் படுத்தேன். மறுநாள் காலை பதினோரு மணிக்குத் தேவிப்ரியா லீவு என்று வந்து சுவிட்சைப் போட்டாள். மறுபடியும் சைரன். அதே பொம்பளை. அதே எண். இன்டர்நெட் ஒயர் பிடுங்கியது பிடுங்கியபடிதான் கிடக்கிறது, ஃபைசான். வெளியேயிருந்து வரவில்லை. இது உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்லாமல் இருந்தேன். ஜூலையிலிருந்தே உங்க அத்தா சரியில்லை. உம்ராவுக்கு மக்கா போவதை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் ஒரு நாள். ஏன் என்று கேட்டதற்குச் சத்தம் போட்டார். இருபத்தேழு வருஷத்தில் என்னிடம் சத்தம் போட்டதில்லை. பிறகு தானே வந்து முருங்கைக்கீரை உருவிக் கொடுத்தார்.

துஆவுடன்,
உன் அம்மா ரஹமத்


7-11-2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நல்ல செய்தி. ஜாமீன் கொடுத்துவிட்டார்கள். ஆனால் ரத்த சொந்தத்தில் ஒருவர் நேரில் வந்து எனக்காகக் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்கு உங்களைவிட்டால் யார்? இத்தாவில் இருந்தாலும் அவசியம் என்றால் பகலில் போய்த் திரும்பலாம் என்று இங்கே ஒரு பாய் சொல்கிறார். ஹஜ்ரத்திடம் கேளுங்கள். நீங்கள் கையெழுத்துப் போடும் நாள்தான் நான் வெளியே வரும் நாள்.

பெட்டி விஷயம். அந்தத் தேதியை நம்ப வேண்டாம். கம்ப்யூட்டரில் தேதி மாறிப்போவது சகஜம். யார் போட்டார்கள் என்று தேடுவதில் பிரயோஜனமும் இல்லை. இவ்வளவு ஆழமாக இறங்கிவிட்டதென்றால் முழுவதையும் அழித்துப் புதிதாக்குவதுதான் வழி. செட்டிங்ஸில் ரீசெட் என்று இருக்கும். எல்லாவற்றையும் நீக்கு என்பதை அழுத்துங்கள். இரண்டு மணி நேரத்தில் கடையில் வாங்கியது போல் ஆகிவிடும். அத்தாவின் குரலும் போய்விடும்தான். என்ன செய்வது? இமாம் தன் குரலிலேயே பேசிக்கொள்ளட்டும்.

தேவிப்ரியா அக்காவை இனிக் கூப்பிட வேண்டாம். அரசாங்க ஆபீசில் இருப்பவர். ஒன்று இரண்டாகும்.

முதலில் தண்ணீர் குடியுங்கள். அந்த ஒரு பட்டனை மட்டும் அழுத்துங்கள். எதையும் திறந்து பார்க்க வேண்டாம்.

உங்கள்
ஃபைசான்


786
16-11-2025

அன்பு மகன் ஃபைசானுக்கு,

ஜாமீன் செய்தி படித்துவிட்டு இரண்டு ரக்அத் தொழுதேன். ஹஜ்ரத்திடம் கேட்டு அனுப்பினேன். அவசியத்துக்குப் போகலாம் என்றுதான் சொன்னார். வருவதாகத்தான் இருந்தேன்.

நீ சொன்ன பட்டனை நான் அழுத்தவில்லை. கோபப்படாதே. மண்ணுக்குள் வைத்தது வைத்தாகிவிட்டது. மீதி இருப்பது அந்தக் குரல். அதையும் என் கையாலேயே புதைக்கச் சொல்கிறாயே. இமாம் பேசினால் இமாம் குரல்தானே கேட்கும்?

தேவிப்ரியாவையும் கூப்பிட்டேன். அவள் ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கிற ஒரு அம்மாவிடம் கேட்டு வந்திருந்தாள். நீக்கினாலும் திரும்பி வருகிறதென்றால், குறித்த நேரத்துக்குத் தானாக எழுந்திரு என்று யாரோ உள்ளே எழுதி வைத்திருப்பார்களாம். டாஸ்க் ஷெட்யூலர் என்று ஒரு இடம். அங்கே போய்ப் பார்த்தோம். இருந்தது. தினமும் காலை பதினோரு மணிக்கு எழுந்து பி.சி. ஷைனை மறுபடி போடு என்று இருந்தது.

அதற்கு வைத்த பெயரைத் தேவிப்ரியா படித்தாள். படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னா போட்டிருக்கு?" என்றேன்.

"ஒண்ணுமில்லக்கா. நான் போய் காப்பி வக்கட்டா?" என்றாள்.

என் வீட்டில் எனக்கே காப்பி வைக்கிறேன் என்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? "படிடீ" என்றேன். படித்தாள். ஃபைசான் டெஸ்ட் மூன்று என்று இருந்தது.

உன் பெயரை எனக்கு இங்கிலீஷில் எழுதத் தெரியாது. ஆனால் பார்த்தால் தெரியும். உன் ஸ்கூல் நோட்டுக்கெல்லாம் அட்டை போட்டவள் நான். திரையில் அந்த எழுத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

இது என்ன என்று எனக்குப் புரியும்படி எழுது. அதுவரை பெட்டியைத் தொட மாட்டேன்.

துஆவுடன்,
உன் அம்மா ரஹமத்


25-11-2025

அம்மா,

நான்கு நாள் இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்தேன். இங்கே பிரித்துப் படித்தாலும் சரி, உங்களிடம் மறைக்க மாட்டேன்.

போட்டது நான்தான். ஆபீசில் புதிதாக ஒன்று செய்தால், முதலில் சொந்தக் கம்ப்யூட்டரில் போட்டு ஓடுகிறதா என்று பாருங்கள் என்பார்கள். எனக்குச் சொந்தமாக வேறு என்ன இருக்கிறது? அத்தாவின் பெட்டிதான். ஓட்டிப் பார்த்துவிட்டு எடுத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நீங்கள் ஈ மொய்க்கிறது என்று கூப்பிட்டீர்கள். எழுந்து வந்தேன். கறி கொடுக்கப் போனேன். சாயங்காலம் பஸ். மறந்துவிட்டேன் அம்மா. சத்தியமாக மறந்துவிட்டேன்.

ஆனால் அது திரையில் ஒரு கட்டம் காட்டும், ஒரு எண் சொல்லும், அவ்வளவுதான். யாரும் போன் போடாவிட்டால் ஒன்றும் ஆகாது. நம் வீட்டில் யார் போடப் போகிறார்கள்? அத்தா மிஷினில் ஒரு லைட் எரியாவிட்டால்கூட எனக்குத்தான் போன் போடுவார். ஆகவே நம் வீட்டுக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

அழிக்க வேண்டாம். நீங்கள் சொன்னதுதான் சரி. ஒரு பென் டிரைவ் வாங்கி வரச் சொல்லுங்கள். சகர் என்று பெயர் போட்ட ஃபைலை முதலில் அதில் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்த ஷெட்யூலரில் என் பெயர் போட்டதை நீக்குங்கள், பிறகு பி.சி. ஷைனை நீக்குங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து முழு ஸ்கேன். ஒரு மணி நேரம் ஓடட்டும். இனி எந்தப் பக்கம் அனுமதி கேட்டாலும் கொடுக்காதீர்கள். இலவசம் என்று வருகிற எதையும் உள்ளே விடாதீர்கள். திரையில் வரும் எந்த எண்ணுக்கும் எப்போதும் போன் போடாதீர்கள். யார் என்ன சொன்னாலும் சரி, எவ்வளவு அன்பாகப் பேசினாலும் சரி.

டிசம்பர் முதல் வாரத்துக்குள் கையெழுத்துக்கு வந்துவிடுங்கள் அம்மா. இங்கே ராத்திரியில் தூக்கம் இல்லை.

உங்கள்
ஃபைசான்


786
7-12-2025

ஃபைசானுக்கு,

தீபத்துக்கு வந்த ஜனங்கள் இன்னும் முழுதாகப் போகவில்லை. தெருவெல்லாம் செருப்பு. மலை மேல் எரிவது மொட்டை மாடித் துணிக்கொடியிலிருந்து தெரிகிறது. மழைத் தூறலில் அணையும் போல் இருக்கிறது, அணைவதில்லை.

நீ சொன்ன வரிசையில் எல்லாம் செய்தோம். இந்தத் தடவை வரவில்லை. மூன்று நாளாகப் பதினோரு மணிக்குப் பெட்டி முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். சத்தமே இல்லை. திரையில் அவர் வைத்திருந்த நம் பள்ளிவாசல் படம் மட்டும் இருக்கிறது. குரலையும் கேட்டேன். "எழுந்திருங்க, நேரம் கம்மியா இருக்கு, சகர் செய்யுங்க" என்று ஆரம்பிக்கிறது. நடுவில் இருமுகிறார். அந்த இருமலைத்தான் பலமுறை போடச் சொன்னேன்.

நேற்று ஒரு வி.ஏ.ஓ. ஆபீசிலிருந்து ஆள் வந்து, பாய் செய்து கொடுத்த சீல் மாதிரியே இன்னொன்று வேண்டும், பழைய எழுத்து இருக்கிறதா என்று வாசலிலேயே நின்று கேட்டார். கதவுக்குப் பின்னாலிருந்து பதில் சொல்லிவிட்டு, ஆர்டர் நோட்டைத் தேடி எடுத்தேன். உனக்குத் தெரியுமே. போனில் யார் என்ன சொன்னாலும் ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொள்வார். ஒரு எழுத்து மாறினால் சீல் வீண் என்பார். அதே பழக்கம்.

அந்த நோட்டில் இருப்பதை நான் பார்த்து அப்படியே எழுதுகிறேன்.

"10-7. வியாழன். 11 மணி. திரையில் மறுபடியும் அசிங்கம். சைரன். வெளியே கேட்கிறது. நம்பருக்குப் போட்டேன். ஒரு பையன் எடுத்தான். சொன்னது: முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். பதற வேண்டாம். நான் சொல்லும் வரிசையில் மட்டும் செய்யுங்கள். வேலை முடியும் வரை வேறு யாரிடமும் பேச வேண்டாம். நான் காத்திருக்கிறேன். தண்ணீர் குடித்தேன். ரஹமத் சொல்வது போலவே சொல்கிறான். நல்ல வீட்டுப் பிள்ளை."

அதற்குக் கீழே:

"என் மகனும் மெட்ராஸில் கம்ப்யூட்டர் வேலைதான், ஃபைசான் என்று பெயர், தெரியுமா தம்பி என்றேன். சிரித்தான். தெரியாது என்றான். பேங்க் விவரம் கேட்டான். சொன்னேன். உம்ராவுக்கு வைத்த பணம் போனது."

"14-7. வேங்கிக்கால் போலீஸ் ஆபீஸில் மனு கொடுத்தேன். வீட்டில் சொல்லவில்லை. அந்தப் படங்களை அவளிடம் எப்படிச் சொல்வது." மனு கொடுத்த ரசீதை அந்தப் பக்கத்திலேயே ஒட்டி வைத்திருக்கிறார்.

கடைசியாக:

"22-8. ஜும்ஆ முடிந்து போன் வந்தது. உங்க மனுவை வச்சித்தான் புடிச்சோம் பாய் என்றார் போலீஸ்காரர். ஆறு பேர். பெயர் படித்தார். நாலாவது பெயர் ஃபைசான். அப்பா பேரும் சர்தார், உங்க பேருதான் பாய் என்று சிரித்தார்."

அதற்குப் பிறகு நோட்டில் எழுத்து இல்லை.

அன்று வெள்ளிக்கிழமை. பிரியாணி எடுத்து வைத்தேன். பசி இல்லை என்றார். மறுநாள் உன் செய்தி எனக்கு வந்தபோது நான் அலறினேன், அவர் அலறவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அதிர்ச்சி என்று நினைத்தேன். அவருக்கு அது பழைய செய்தி, ஃபைசான். தன் கையாலேயே உன்னைக் கொடுத்துவிட்டோம் என்று ஒரு ராத்திரி முழுக்க என் பக்கத்தில் படுத்திருந்திருக்கிறார்.

நம் வீட்டில் யாரும் போன் போட மாட்டார்கள் என்று எழுதினாய். உனக்கு ஏன் போடவில்லை என்று யோசித்தேன். அந்தப் படங்களை மனைவியிடம் சொல்ல முடியாதவர் பிள்ளையிடம் எப்படிச் சொல்வார்?

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். தண்ணீர் குடிக்கச் சொல்வது உலகத்தில் எல்லாரும் சொல்வதுதான். ஆனால் அந்த ஐந்து வரியும் நீ எனக்கு எழுதிய ஐந்து வரி. ஒரு எழுத்து மாறவில்லை, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சொல்லிக் கொடுத்ததைச் சொன்னேன் என்றாய். அந்தப் பையனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது யார்? இதற்கு மட்டும் பதில் எழுது. வக்கீலைக் கேட்டு எழுதாதே.

உன் அம்மா


15-12-2025

அம்மா,

அத்தா போன் போட்டது எனக்குத் தெரியாது. எடுத்தது நான் இல்லை. அல்லாஹ் அறிவான். மற்றதை நேரில் பேசுவோம். இதை வக்கீல் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

ஜனவரி ஐந்தாம் தேதி கையெழுத்துக்கு நாள் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் இத்தா முடிந்திருக்கும். வக்கீல் காலையில் வாசலுக்கே வண்டி அனுப்புவார். அந்த நோட்டை யாருக்கும் காட்ட வேண்டாம். வரும்போது எடுத்து வந்துவிடுங்கள். பதற வேண்டாம். அதுவரை வேறு யாரிடமும் பேச வேண்டாம்.

ஃபைசான்


786
31-12-2025

ஃபைசானுக்கு,

நேற்று இத்தா முடிந்தது. குளித்து, வேறு துணி மாற்றி, வாசல்படியில் நின்றேன். வெயில் கண்ணைக் குத்தியது. தெருப் பெண்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். மொதல் மொதல்ல எங்க போவப் போற ரஹமத்து என்று கேட்டார்கள். புள்ளயப் பாக்கத்தான் போவாங்க, இது இன்னா கேள்வி என்று ஒருத்தியே பதிலும் சொன்னாள்.

இன்று காலை தேவிப்ரியா அரை நாள் லீவு போட்டாள். ஆட்டோவில் போனோம். பெட்டியை என் மடியில் வைத்துக்கொண்டேன். அம்மை போட்டபோது உன்னை வேலூருக்குத் தூக்கிக்கொண்டு போனேனே, அந்தக் கனம் இருந்தது. நோட்டு கைப்பையில். நீ எனக்கு எழுதிய கடிதங்களும் கைப்பையில். எல்லாவற்றையும் வேங்கிக்காலில் அவர் மனு கொடுத்த அதே ஆபீசில் கொடுத்துவிட்டேன்.

அங்கே இருந்த அதிகாரி அம்மா கடிதங்களைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இதக் குடுத்தா இன்னா ஆவும்னு தெரியுமாம்மா?" என்றார். தெரியும் என்றேன். ஒரு டம்ளர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். என்னால் குடிக்க முடியவில்லை.

வரும் வழியில் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். எத்தனை வீட்டில், எத்தனை வயசான மனுஷர்கள், என் பேச்சைக் கேட்டு நம்பித் தண்ணீர் குடித்தார்கள்? உன் கை நடுக்கம் நிற்பதற்காக நான் சொன்னது அது. வேறு எதை எடுத்துக்கொண்டு போயிருந்தாலும் உனக்குக் கொடுத்திருப்பேன்.

குரல் இருக்கும் பென் டிரைவை இமாமிடம் கொடுத்தாகிவிட்டது. இருமலை வெட்டாமல் போடச் சொல்லியிருக்கிறேன்.

ஐந்தாம் தேதி வண்டி அனுப்ப வேண்டாம் என்று வக்கீலிடம் சொல்லிவிடு. வந்தால் வெறுமையாகத் திரும்பும். அத்தா கொடுத்த மனுவுக்கு மேல் நான் வேறு கையெழுத்துப் போட மாட்டேன்.

உன்னிடம் மறுபடி கேட்க வருவார்கள். அவர்கள் வந்ததும் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடி. பதற வேண்டாம். நடந்ததை நடந்த வரிசையில் சொல். சொல்லி முடிக்கும் வரை நிறுத்தாதே.

நான் காத்திருக்கிறேன்.

சர்தார் மனைவி
ரஹமத்